மீன்களை எண்ணியவர்கள்

மாற்கு சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தில் ஒரு படகுப் பயணம் வருகிறது. சீஷர்கள் அப்பம் எடுத்துவர மறந்துவிட்டார்கள். படகில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித் தங்களுக்குள் அவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இயேசு கணக்குக் கேட்கத் தொடங்குகிறார். ஐயாயிரம் பேருக்கு ஐந்து அப்பத்தைப் பிட்டபோது மிச்சம் எத்தனை கூடை என்கிறார். பன்னிரண்டு என்று பதில் வருகிறது. நாலாயிரம் பேருக்கு ஏழு அப்பத்தைப் பிட்டபோது எத்தனை என்கிறார். ஏழு என்கிறார்கள். இரண்டும் சரியான விடை. அதன் பிறகும், இன்னுமா உங்களுக்குப் புரியவில்லை என்று கடிந்துகொள்கிறார். அவ்வளவுதான். படகு பெத்சாயிதாவைச் சேர்கிறது, கதை பார்வையற்ற ஒருவனிடம் நகர்ந்துவிடுகிறது. என்ன புரிந்திருக்க வேண்டும் என்பதை மாற்கு எழுதவேயில்லை.

அவர் எழுதாமல் விட்டதைப் பிரசங்கிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கூடை இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களுக்கு. ஏழு கூடை, கானானிலிருந்து துரத்தப்பட்ட ஏழு ஜாதிகளை நினைவூட்டிப் புறஜாதியாருக்கு. முதல் விருந்து யூதர் வாழ்ந்த பக்கத்திலும், இரண்டாவது தெக்கப்போலி என்னும் கிரேக்க நகரங்களின் பக்கத்திலும் நடப்பதாக மாற்கு அமைத்திருப்பதால் இந்த விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது. எனக்கும் பிடித்த விளக்கம். ஆனால் அந்த உரையாடலில் கண்டிக்கப்படுகிறவர்கள் எண்ணை மறந்தவர்கள் அல்லர்; அதைத் துல்லியமாக ஒப்பித்தவர்கள். விவிலிய எண்களுக்குப் பொருள் சொல்லப் புறப்படுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்பலாம்.

விவிலியத்தில் இரண்டு வகை எண்கள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, காதில் விழுந்ததும் தலையாட்ட வைப்பவை: மூன்று, ஏழு, பன்னிரண்டு, நாற்பது, எழுபது. மற்றது, கணக்குப்பிள்ளையின் ஏட்டில் மட்டுமே இருக்கக்கூடியவை: 273, 318, 969, 6,03,550. முதல் வகை தானாகவே பேசும். இரண்டாவது வகை சும்மா கிடக்கும். வம்பு பெரும்பாலும் சும்மா கிடப்பதைப் பேசவைக்க முயன்றவர்களால் வந்தது.

ஏழைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஏழாம் நாள் ஓய்வு. ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. ஏழேழு நாற்பத்தொன்பது கழிந்து ஐம்பதாம் வருஷம் யூபிலி. அடிமைக்கு விடுதலை, விற்ற காணி உரியவனுக்குத் திரும்ப வரும். எரிகோவைச் சுற்றி ஏழு நாள், ஏழாம் நாளில் ஏழு முறை. நாகமான் யோர்தானில் முழுகியது ஏழு முறை. வெளிப்படுத்தின விசேஷத்திலோ சபைகள், முத்திரைகள், எக்காளங்கள், கலசங்கள் என்று எல்லாமே ஏழேழாக வருகின்றன. ஒன்றை மட்டும் இங்கே நின்று பார்க்கலாம். ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரத்தில் லாமேக்கு தன் இரண்டு மனைவிகளிடம் தான் செய்த கொலையைப் பெருமையாகச் சொல்கிறான். காயீனுக்காக ஏழு மடங்கு பழி என்றால் தனக்காக எழுபத்தேழு மடங்காம். பின்னாளில் பேதுரு, சகோதரனை ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று இயேசுவிடம் கேட்கிறான். பதிலாக வருவது லாமேக்கின் அதே எண். பழைய கிரேக்க ஆதியாகமத்தில் இருக்கும் அதே சொற்றொடர். பழிவெறியன் ஒருவன் வாயில் இருந்த எண்ணைப் பிடுங்கி மன்னிப்புக்குக் கொடுத்துவிட்டார். இதை ஏழு பெருக்கல் எழுபது என்று போட்டு 490 என்று விடை எழுதுகிறவர், 491-ஆம் முறை என்ன செய்யலாம் என்ற யோசனையில் இருப்பவர்.

நாற்பது வேறு மாதிரியான எண். நோவாவின் காலத்தில் நாற்பது நாள் மழை. மோசே சீனாய் மலையில் நாற்பது நாள். கோலியாத் காலையும் மாலையும் வந்து சவால்விட்டது நாற்பது நாள். எலியா ஒரேபுக்கு நடந்தது நாற்பது நாள். யோனா நினிவேக்கு விதித்த கெடு நாற்பது நாள். செப்துவஜிந்து எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பில் மட்டும் அது மூன்று நாளாகச் சுருங்கியிருக்கிறது. இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டது நாற்பது நாள், உயிர்த்தெழுந்தபின் சீஷர்களோடு இருந்தது நாற்பது நாள். எங்கெல்லாம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கக் காத்திருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் இந்த எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எண்ணாகமத்தின் பதினான்காம் அதிகாரத்தில் காரணத்தின் ஒரு நுனி தெரிகிறது. வேவுகாரர் கானானைச் சுற்றிப் பார்த்தது நாற்பது நாள். அவர்கள் கொண்டுவந்த பயத்துக்குத் தண்டனை, நாளுக்கு ஒரு வருஷம் வீதம் நாற்பது வருஷ வனாந்தரம். காலேபும் யோசுவாவும் நீங்கலாக, இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எல்லாரும் மணலிலேயே செத்து முடிய வேண்டும். ஒரு தலைமுறை முழுதாகக் கழிய எடுக்கும் காலம் அது.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒத்னியேலின் வெற்றிக்குப் பின் தேசம் நாற்பது வருஷம் அமைதியாயிருக்கிறது. ஏகூதுக்குப் பின் எண்பது. தெபோராளுக்குப் பின் நாற்பது. கிதியோனின் நாட்களில் நாற்பது. ஏலி நியாயம் விசாரித்தது நாற்பது வருஷம். தாவீது ஆண்டது நாற்பது, அவன் மகன் சாலொமோன் ஆண்டதும் நாற்பது. சரித்திரம் இத்தனை ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

இதை ரசனை விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது, இதன்மேல் பெரிய வழக்கு ஒன்றே நிற்கிறது. 1 இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனம், இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட 480-ஆம் வருஷத்தில் சாலொமோன் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினான் என்கிறது. ஆலயப் பணி தொடங்கியது கி.மு. 966 வாக்கில் என்று வைத்து அதோடு 480-ஐக் கூட்டினால், எகிப்திலிருந்து புறப்பாடு கி.மு. 1446. இந்த ஆண்டை விட்டுக்கொடுக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எபிரெயர் கட்டியதாகச் சொல்லப்படும் ராமசேஸ் பட்டணத்தின் பெயர், கி.மு. 13-ஆம் நூற்றாண்டின் பெரும் பகுதியை ஆண்ட இரண்டாம் ராம்சேஸைச் சுட்டுகிறது. அவன் மகன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில், கானானில் இஸ்ரவேல் என்றொரு மக்கள் கூட்டம் இருந்ததைச் சொல்கிறது. 480 என்பது பன்னிரண்டு நாற்பது என்று பார்த்துவிட்டால் முடிச்சு தளரும். பன்னிரண்டு தலைமுறை என்பதைத்தான் எழுதியவர் 480 என்று எழுதியிருக்கிறார். தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று கொண்டால் மொத்தம் 300, கணக்கு கி.மு. 1266-இல் போய் நிற்கும். அந்தப் புறப்பாடு புத்தகத்தில் உள்ளபடியே நடந்ததா என்பது வேறு விவாதம். ஆனால் 480-ஐ நாட்காட்டி எண்ணாகப் படிப்பவர், எழுதியவர் சொல்லாத ஒன்றுக்காகத் தொல்லியலாளரோடு மல்லுக்கு நிற்கிறார்.

எண் முதலில், நாட்காட்டி பிறகு என்பதற்கு அவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். நம் ஊர்த் திருச்சபைகள் லெந்து நாட்கள் என்றும் கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சொல்வதை, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணிப் பாருங்கள். 46 வரும். நடுவில் உள்ள ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது. ஞாயிறு உயிர்த்தெழுதலின் நாள், அன்று உபவாசம் கூடாது என்பது அதற்கான நியாயம்.

ஒரு எண்ணுக்காகச் சரித்திரத்தையே கத்தரித்த துணிச்சலைப் பார்க்க வேண்டுமானால் மத்தேயுவின் முதல் அதிகாரத்துக்குப் போக வேண்டும். ஆபிரகாம் முதல் தாவீது வரை பதினான்கு தலைமுறை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை பதினான்கு, அங்கிருந்து கிறிஸ்து வரை பதினான்கு என்று பதினேழாம் வசனத்தில் அவரே கூட்டிச் சொல்கிறார். ‘பெற்றான், பெற்றான்’ என்று வரும் அந்தப் பெயர் வரிசையைப் பலரும் ஒரே தாவாகத் தாண்டிவிடுவதால் யாரும் சரிபார்ப்பதில்லை. நடுப்பகுதியில் யோராமுக்கு அடுத்து உசியா வருகிறார். இராஜாக்களின் புத்தகத்தைத் திறந்தால் அவர்கள் இருவருக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மூவரும் மத்தேயுவில் இல்லை. யோசியாவுக்கும் எகொனியாவுக்கும் நடுவில் யோயாக்கீமையும் காணோம். இத்தனை கத்தரிப்புக்குப் பிறகும் கடைசிப் பகுதியைப் புதுப் பெயர்களாக எண்ணினால் பதின்மூன்றுதான் தேறுகிறது. எகொனியாவை இரண்டு பகுதியிலும் சேர்ப்பதா, மரியாளையும் ஒரு தலைமுறையாக எண்ணுவதா என்று உரையாசிரியர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. எழுதியவர் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த மத்தேயு என்பது மரபு. வரி வசூலித்தவருக்குக் கூட்டல் தகராறு என்பதை நான் நம்பத் தயாரில்லை; தெரிந்தே செய்திருக்கிறார்.

காரணம் தாவீது. எபிரெயர் எழுத்தையே எண்ணாகவும் எழுதினார்கள். 119-ஆம் சங்கீதத்தின் உட்தலைப்புகளில் நாம் பார்க்கும் அந்த எழுத்துகளில் டாலெத் என்றால் நான்கு, வௌ என்றால் ஆறு. டாலெத், வௌ, டாலெத்: தாவீதின் பெயர். கூட்டினால் பதினான்கு. பட்டியலிலும் பதினான்காவதாக நிற்பவர் தாவீதுதான். வரப்போகிறவர் தாவீதின் குமாரன் என்பதை மத்தேயு மூன்று முறை எண்ணால் சொல்லிவிட்டு, அதன் பிறகு கதையைத் தொடங்குகிறார்.

எழுத்தும் எண்ணும் ஒன்றாயிருந்த அந்த உலகத்தில் இது பண்டிதர்களின் வித்தை மட்டுமல்ல. பொம்பெய் நகரத்துச் சுவர் ஒன்றில் யாரோ ஒருவன், தான் நேசிக்கும் பெண்ணின் பெயரை எழுதாமல், அவளுடைய எண் 545 என்று கிரேக்கத்தில் கிறுக்கிவைத்திருக்கிறான். கி.பி. 79-இல் வெசூவியஸ் அந்த ஊரையே மூடிவிட்டது. அவள் யாரென்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெயரிலிருந்து எண்ணுக்குப் போக ஒரு கூட்டல் போதும். எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பி வரப் பாதையே கிடையாது. 545 வருகிற பெயர்கள் எத்தனையோ. அவளைத் தெரிந்தவனுக்கு மட்டுமே அது செய்தி.

வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666-உம் இதே வகைதான். எழுதப்பட்ட நாளில் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை நேரோன் கேசர் என்று எபிரெய எழுத்தில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வௌ 6, நூன் 50, கோப் 100, சாமெக் 60, ரேஷ் 200. கூட்டிப் பாருங்கள். சில பழைய பிரதிகளில் 666-க்குப் பதில் 616 இருக்கிறது. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்றிலும் அப்படித்தான். லத்தீன்காரர் சொல்வதுபோல் கடைசி நூனை விட்டு நேரோ என்று எழுதினால் ஐம்பது குறைந்து 616 ஆகும். இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்வதால் இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அடுத்த நூற்றாண்டிலேயே சாவி தொலைந்துவிட்டது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய லியோன் ஆயர் ஐரேனியஸ், 616 என்பது நகலெடுத்தவர்களின் பிழை என்று தள்ளிவிட்டு, 666-க்குப் பொருந்தும் மூன்று பெயர்களைச் சொல்லி, எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்துவிடுகிறார். அந்த மூன்றில் நீரோ இல்லை. ஐரேனியஸின் தயக்கம் பின்வந்தவர்களுக்கு இருந்திருந்தால் ஐரோப்பாவில் நிறைய மை மிச்சமாயிருக்கும்.

மிகேல் ஸ்டீஃபெல் என்ற ஜெர்மானியரை எடுத்துக்கொள்ளுங்கள். துறவியாயிருந்து லூத்தரின் பக்கம் வந்தவர். போப் பத்தாம் லியோவே அந்த மிருகம் என்று நிறுவ, லத்தீனில் அவர் பெயரை எழுதி, ரோம எண்களாகவும் பயன்படும் எழுத்துகளை மட்டும் பொறுக்கினார்: 50, 500, 100, 1, 1000, 5. மொத்தம் 1656. ஆயிரம் அதிகம். ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து ‘மர்மம்’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து, ஆகவே அதை எடுத்துவிடலாம் என்றார். 656. பத்து குறைகிறது. பத்தாவது லியோ அல்லவா, பத்தைச் சேர்த்துக்கொண்டார். இதோடு நிற்காமல், 1533 அக்டோபரில் குறிப்பிட்ட ஒரு நாள் காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்று லோகாவ் என்ற ஊரிலிருந்த தன் சபையாருக்கு நேரமும் குறித்துக் கொடுத்தார். எட்டு மணி வந்தது, போனது, ஸ்டீஃபெல் கைதானார். வேடிக்கை என்னவென்றால், அதே மனிதர் 1544-இல் வெளியிட்ட கணித நூல் அந்த நூற்றாண்டின் முக்கியமான நூல்களில் ஒன்று. அவருக்குக் கணக்கு நன்றாகவே வரும். கணக்கு போடக்கூடாத இடத்தில் போட்டார். பதிலடியாகக் கத்தோலிக்கத் தரப்பில் பீட்டர் பூங்குஸ் லூத்தரின் பெயரிலேயே 666-ஐக் கண்டெடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவர்களில் ஒருவரும், 1 இராஜாக்கள் பத்தாம் அதிகாரத்தில் சாலொமோனுக்கு ஒரு வருஷத்தில் வந்த பொன்னின் நிறை 666 தாலந்து என்று எழுதியிருப்பதை வைத்துச் சாலொமோனை மிருகமாக்கவில்லை. பாபிலோனிலிருந்து ஊர் திரும்பிய அதோனிகாமின் புத்திரர் 666 பேர் என்கிறது எஸ்றா. நெகேமியாவின் பட்டியலில் அவர்கள் 667.

தானியேலின் 2300 நாட்களை வருஷங்களாக்கி, கி.மு. 457-இலிருந்து எண்ணி, கிறிஸ்துவின் வருகை 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் கூட்டத்தார் காத்திருந்த கதை பலருக்கும் தெரிந்தது. அருகிலிருக்கும் உதாரணம், எபிரெய எழுத்துகளை இத்தனைக்கு ஒன்று என்று தாண்டித் தாண்டிப் படித்தால் நடந்ததும் நடக்கப்போவதும் தெரியும் என்று 1997-இல் மைக்கேல் டிராஸ்னின் எழுதிய புத்தகம். ‘மோபி டிக்’ நாவலில் இப்படி ஒரு கொலையைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று அவர் சவால்விட, ஆஸ்திரேலியக் கணிதர் பிரெண்டன் மெக்கே அந்தத் திமிங்கல நாவலுக்குள்ளிருந்து வரிசையாகக் கொலைகளை எடுத்துக் காட்டினார். இந்திரா காந்தியுடையதும் அதில் ஒன்று.

கெட்டிக்காரத்தனம் பக்தியோடு சேர்ந்தபோது அழகான காரியங்களும் நடந்திருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். லோத்தை மீட்க ஆபிரகாம் கூட்டிப்போன வேலைக்காரர் 318 பேர். யூத ரபிகள் அந்த எண்ணைப் பார்த்து, ஆபிரகாமின் ஊழியன் எலியேசரின் பெயரெழுத்துகளைக் கூட்டினாலும் 318 வருகிறதே, போனது அவன் ஒருவன்தான் என்றார்கள். பர்னபாவின் நிருபம் என்று வழங்கும் ஆரம்பகாலக் கிறிஸ்தவ நூலோ அதே 318-ஐக் கிரேக்கத்தில் எழுதி, பதினெட்டுக்குரிய இரண்டு எழுத்து இயேசுவின் பெயரின் தொடக்கம், முந்நூறுக்குரிய எழுத்து சிலுவையின் வடிவம் என்று கண்டது. கி.பி. 325-இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் 318 பேர் என்று திருச்சபை பிற்பாடு நிலைநிறுத்திக்கொண்டதும் ஆபிரகாமின் படையை நினைத்துத்தான். ஒரே எண்ணில் யூதர் எலியேசரையும் கிறிஸ்தவர் சிலுவையையும் கண்டார்கள் என்றால், அந்த எண் இருவருக்கும் கண்ணாடி. அதில் தவறில்லை, கண்ணாடி என்று தெரிந்திருக்கும்வரை.

இத்தனை எண்கள் மண்டிக்கிடக்கும் இந்தப் புத்தகம் மனிதத் தலைகளை எண்ணுவதற்கு மட்டும் பயப்படுகிறது. தாவீது தன் ஜனத்தை எண்ணச் சொல்கிறான். இரக்கமற்ற படைத்தலைவனான யோவாபே வேண்டாம் என்று தடுக்கிறான். எண்ணி முடிக்க ஒன்பது மாதமும் இருபது நாளும் ஆகிறது. வந்த கொள்ளைநோயில் எழுபதாயிரம் பேர் சாகிறார்கள். எண்ணும்படி தாவீதைத் தூண்டியது கர்த்தரின் கோபம் என்கிறது சாமுவேல். சாத்தான் என்கிறது நாளாகமம். எண்ணிக் கிடைத்த தொகையிலும் இரண்டுக்கும் உடன்பாடில்லை: ஒன்றில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம், மற்றதில் 11 லட்சமும் 4,70,000-உம். எண்ணியதில் என்ன பாவம் என்பதை இரண்டுமே விளக்கவில்லை. ஆனால் எண்ணப்பட்டவர்கள் யாரென்று பார்த்தால் போதும். பட்டயம் உருவத் தக்க ஆண்கள். ராஜா தன் ஜனத்தைப் படையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

யாத்திராகமத்தின் முப்பதாம் அதிகாரம் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறது. எண்ணத்தான் வேண்டுமென்றால் தலைக்கு அரைச் சேக்கல் கொடுக்க வேண்டும். பணக்காரன் கூடுதலாகவும் ஏழை குறைவாகவும் கொடுக்கக் கூடாது. இன்றும் பக்தியுள்ள யூதர்கள் தொழுகைக்குப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று பார்க்க ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. எபிரெயத்தில் பத்துச் சொல் உள்ள ஒரு சங்கீத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். நம் களத்துமேட்டில் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ஒன்று என்னாமல் ‘லாபம்’ என்று தொடங்குகிற வழக்கத்திலும் இந்த அச்சத்தின் சாயல் உண்டு.

எண்ணாகமம் என்ற பெயரைக் கேட்டே ஒதுங்கிப் போகிறவர்களுக்கு அதன் மூன்றாம் அதிகாரத்தைப் பரிந்துரைப்பேன். எகிப்தில் தலைப்பிள்ளைகள் மடிந்த இரவுமுதல் இஸ்ரவேலின் முதற்பேறான ஆண்பிள்ளைகள் எல்லாரும் கர்த்தருக்குச் சொந்தம். அவர்களுக்கு ஈடாக லேவி கோத்திரத்தாரை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஆளுக்கு ஆள். லேவியர் 22,000, முதற்பேறானவர் 22,273. இருநூற்று எழுபத்துமூன்று பேருக்கு ஈடாக லேவியன் இல்லை. சரி போகட்டும் என்று விடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஐந்து சேக்கல் வீதம் 1,365 சேக்கல் வசூலித்து ஆரோனிடம் கொடுத்து நேர் செய்கிறார் மோசே. அதே அதிகாரத்தில் லேவியரின் மூன்று வம்சங்களுக்கும் தனித்தனித் தொகை இருக்கிறது: 7,500, 8,600, 6,200. கூட்டினால் 22,300 வருகிறது, 22,000 அல்ல. அப்படியானால் மிச்சமே இருந்திருக்காது. யூத ரபிகளின் நூலான தல்மூது இதைக் கவனித்துவிட்டது. விட்டுப்போன அந்த முந்நூறு லேவியரும் தாங்களே முதற்பேறானவர்கள், தன்னையே மீட்க வேண்டியவன் இன்னொருவனை மீட்க முடியாது என்று சமாதானம் சொன்னது. நகலெடுத்தவன் ஓர் எழுத்தை விட்டுவிட்டான், 8,300 என்பது 8,600 ஆகிவிட்டது என்கிறார்கள் இன்றைய அறிஞர்கள் சிலர். இதில் நான் அறிஞர்கள் கட்சி. ஆனால் 273 என்ற அந்த வறண்ட எண்ணில் அடையாளப் பொருள் எதையும் தேடாமல் இருந்ததற்காகத் தல்மூதுக்கு நன்றி சொல்வேன்.

தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் உவமைக்கு 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சத்தியத்தின் சுவிசேஷம் என்ற நூல் ஒரு விளக்கம் தருகிறது. ரோமர் விரலை மடக்கி எண்ணும் முறையில் 99 வரை இடது கையில் எண்ணுவார்கள். நூறு ஆனதும் கணக்கு வலது கைக்கு மாறும். காணாமற்போன ஒன்று கிடைத்ததும் மொத்த மந்தையும் இடதிலிருந்து வலதுக்கு வந்துவிட்டது என்கிறது அந்நூல். திருச்சபை புறந்தள்ளிய ஞானக் கட்சியாரின் நூல் அது. இருந்தாலும் சந்தையில் விரல்விட்டு எண்ணியவர்களின் பழக்கத்திலிருந்து பிறந்த இந்த விளக்கம், நூறு என்பது பரிபூரணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பிரசங்கத்தைவிட எனக்கு நெருக்கமாயிருக்கிறது.

கடைசியாக யோவான் 21-ஆம் அதிகாரத்தின் 153 மீன்கள். இந்த மீன்களைப் போல அலைக்கழிக்கப்பட்ட மீன்கள் உலகத்தில் இருக்க முடியாது. ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153. பதினேழு என்பது பத்துக் கட்டளையும் ஆவியின் ஏழு வரமும் என்றார் அகஸ்டின். உலகத்தில் உள்ள மீன் வகைகள் 153 என்று ஒப்பியன் போன்றவர்கள் சொல்லியிருப்பதாக எழுதினார் ஜெரோம். ஒப்பியனின் மீன் நூல் இன்று நம் கையில் இருக்கிறது, அதில் அப்படியொரு தொகை கிடையாது. நூறு புறஜாதியார், ஐம்பது இஸ்ரவேலர், மூன்று திரித்துவம் என்று பிரித்தார் அலெக்சாந்திரியாவின் சிரில். ஒன்று, ஐந்து, மூன்று ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 153 வருவது பள்ளிக் கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்த வேடிக்கை. பதினைந்து மறையுண்மைகளும் சொன்ன பழைய முழுச் செபமாலையில் தொடக்கத்து மூன்றையும் சேர்த்து அருள்நிறை மரியே 153 முறை வந்தது. நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் ஐம்பத்துமூன்று மணிச் செபம் என்று சொல்வது அதில் ஒரு பங்கு.

என் அபிப்பிராயம் இதைவிட எளிமையானது. லூக்காவின் ஐந்தாம் அதிகாரம் யாக்கோபும் யோவானும் சீமோனின் கூட்டாளிகள் என்கிறது. அவ்விருவரின் தகப்பன் செபெதேயுவின் படகில் கூலிக்காரர் இருந்ததை மாற்கு சொல்கிறார். கூட்டுத் தொழிலில் பாடு கரையேறினால் எண்ணாமல் பங்கு பிரிக்க முடியாது. செத்துப்போன குரு உயிரோடு கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிலையிலும் ஒருவன் பெரிய மீன்களை எண்ணியிருக்கிறான், தொகையை மறக்கவும் இல்லை. மீன்பிடித்துப் பிழைப்பவன் அப்படித்தான் செய்வான். அகஸ்டினுக்கு இது போதாது என்பது தெரிகிறது. எனக்குப் போதும்.

இதே வகையில் இன்னொரு எண் அப்பொஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் கப்பல் புயலில் சிக்கிப் பதினான்கு நாள் அலைகிறது. பவுல் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறார், மற்றவர்களும் தைரியம் கொண்டு சாப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் லூக்கா கதையை நிறுத்தி, கப்பலில் மொத்தம் 276 பேர் இருந்தோம் என்று எழுதுகிறார். சில பழைய பிரதிகளில் அது ஏறக்குறைய 76. ஒன்று முதல் 23 வரை கூட்டினால் 276 வரும். வேண்டியவர்கள் அதிலிருந்து இன்னொரு புத்தகம் எழுதலாம். எழுதுவதற்கு முன்னால் அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. கப்பல் உடைந்தது, நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டார்கள், மெலித்தா தீவில் எல்லாரும் கரையேறினார்கள், ஒருவர்கூடக் குறையவில்லை.